லாக் எடுத்தால் ஸ்பெக் லிமிட்டை எப்படிக் கொடுப்பது? ரிலீஸ் லிமிட் 0.18ஆ, 0.31ஆ?

தூக்குச்சட்டி | செவ்வாய், இரவு 9:14

வணக்கம். மாத்திரை தயாரிக்கிற கம்பெனி ஒண்ணுல ஸ்டெபிலிட்டி பிரிவுல (மருந்து எத்தனை மாசம் கெடாம இருக்கும்னு பார்க்கிற இடம்) சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. இன்னைக்கு மீட்டிங்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதான் இங்க வந்திருக்கேன்.

மூணு பேட்ச். 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள சேம்பர்ல வச்சிருக்கு. 0, 3, 6, 9, 12, 18, 24 மாசம்னு ஏழு முறை எடுத்துப் பார்த்தாச்சு. பார்க்கறது மொத்த இம்ப்யூரிட்டி, அதாவது மாத்திரையில மருந்தோட சேர்ந்திருக்கிற வேண்டாத பொருளோட மொத்த அளவு. ஷெல்ஃப் லைஃப் ஸ்பெக் (எக்ஸ்பயரி வரைக்குமான உச்ச எல்லை) 0.50 சதவீதம், அதைத் தாண்டக்கூடாது. ஆரம்பத்துல மூணு பேட்சும் 0.11லேர்ந்து 0.13க்குள்ள இருந்துச்சு. 24ஆம் மாசம் 0.26, 0.28, 0.30.

நேர்கோடு போட்டா மீதிப்பிழைப் படம் (ஒவ்வொரு புள்ளியும் கோட்டுலேர்ந்து எவ்வளவு விலகுதுன்னு காட்டறது) விசிறி மாதிரி விரியுது. மேனேஜர் பார்த்துட்டு "லாக் (மடக்கை) எடுத்துப் போடு"ன்னார். போட்டேன், விசிறி போச்சு. சாஃப்ட்வேர்ல லிமிட் கேட்ட பெட்டியில 0.50ன்னு அடிச்சேன். ஷெல்ஃப் லைஃப் 67 மாசம்னு வந்துச்சு. யோசிக்காம அப்படியே ஸ்லைடுல ஏத்திட்டேன். "அஞ்சரை வருஷமா? மாத்திரையா, ஊறுகாயா?"ன்னு ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரிச்சது இன்னும் காதுல இருக்கு.

திரும்ப வந்து 0.50க்கே லாக் எடுத்து மைனஸ் 0.693னு கொடுத்தேன். 37 மாசம்.

சரி, இது என் தப்புன்னு புரியுது. ஆனா இன்னொண்ணு புரியல. எக்ஸ்பயரி 24 மாசம்தான் போடப்போறோம். அதுக்கு ரிலீஸ் லிமிட், அதாவது பேட்சை வெளிய அனுப்பற அன்னைக்கு இம்ப்யூரிட்டி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு கேட்டாங்க. நேர்கோட்டுல கணக்குப் போட்டா 0.31. லாக்ல போட்டா 0.18. ரெண்டும் ஒரே டேட்டாதான்! எதை எழுதிக் கொடுக்கறது?

---

நைட்_ஷிப்ட் | செவ்வாய், இரவு 9:40

முதல் கேள்விக்கு மட்டும். லாக் அளவுகோல்ல 0.50ன்னா சாதாரண அளவுகோல்ல 1.65. அதாவது இம்ப்யூரிட்டி 1.65 சதவீதம் வரைக்கும் போகலாம்னு சாஃப்ட்வேர்கிட்ட நீயே சொல்லியிருக்க. அது பாவம், கேட்டதுக்கு பதில் சொல்லிருக்கு.

அப்புறம் 37ன்னு வந்தாலும் 37 எழுத முடியாது. ஐசிஎச் (மருந்துத் தரத்துக்கான சர்வதேச வழிகாட்டி அமைப்பு) க்யூ1ஈ கணக்குப்படி, கையில இருக்கிற நீண்டகால டேட்டாவைப் போல ரெண்டு மடங்கு வரை, ஆனா 12 மாசத்துக்கு மேல நீட்டக்கூடாது. 24 மாச டேட்டா இருக்கு, அதனால உச்சம் 36.

---

மீதிப்பிழை | செவ்வாய், இரவு 10:22

(பெயரைப் பார்த்துவிட்டு என்னைத்தான் விசிறி என்கிறாரோ என்று ஒரு நிமிடம் திகைத்தேன்.)

தம்பி, எந்த சாஃப்ட்வேர் என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். சில நிரல்களில் டிரான்ஸ்ஃபார்மை அவற்றின் மெனுவுக்குள்ளேயே தேர்ந்தெடுப்போம். அங்கே லிமிட்டை மூல அலகிலேயே கொடுத்தால் நிரலே மாற்றிக்கொள்ளும். வேறு இடங்களில் நாமே புது நெடுவரிசையில் லாக் எடுத்துவிட்டு அதைக் கொடுப்போம். அப்போது அது லாக் என்பதே நிரலுக்குத் தெரியாது, லிமிட்டையும் நாம்தான் மாற்றித் தர வேண்டும். ஒரே நிரலில் இரண்டு வழியும் இருக்கும். ஆள் மாறினால் வழியும் மாறும்.

உதவிப் பக்கத்தைப் படிப்பதைவிட நான் எப்போதும் செய்வது ஒரு பொய்த் தரவுச் சோதனை. ஆரம்பம் 0.10, 12 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்து ஏழு வரி எழுதுங்கள். 12இல் 0.20, 24இல் 0.40. எல்லாப் புள்ளியும் கச்சிதமாகக் கோட்டில் விழுந்தால் சில நிரல்கள் முரண்டு பிடிக்கும், ஆகவே நாலாவது தசமத்தில் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். லிமிட் பெட்டியில் 0.40 கொடுங்கள்.

24 மாதத்தை ஒட்டி விடை வந்தால் பெட்டி மூல அலகைக் கேட்கிறது. 47ஐ ஒட்டி வந்தால் இயல் மடக்கை அளவில் கேட்கிறது. 56 வந்தால் பத்தடிமான மடக்கை. ஐந்து நிமிட வேலை. அச்சடித்து வேலிடேஷன் கோப்பிலும் வைத்துக்கொள்ளலாம்.

ரிலீஸ் லிமிட் கேள்வி கனமானது. நாளை எழுதுகிறேன்.

---

சுத்தியல் | புதன், காலை 7:51

நான் மருந்துக்காரன் இல்ல, மெஷின் ஷாப். ஆனா இதே பள்ளத்துல நானும் விழுந்தவன்.

ரன்-அவுட் டேட்டா, அதாவது சுத்தற பாகம் அச்சுலேர்ந்து எவ்வளவு ஆடுதுங்கற அளவு. சுழியத்துக்குக் கீழ போகவே போகாது, வலப்பக்கம் வால் நீளும். கேப்பபிலிட்டி (பாகங்கள் லிமிட்டுக்குள்ள நிக்குமாங்கற கணக்கு) போடும்போது பாக்ஸ்-காக்ஸ் (டேட்டாவை ஒரு அடுக்குக்கு மாத்தி வாலைச் சரிபண்ற முறை) கொடுத்தேன், லாம்டா, அதாவது அந்த அடுக்கு, மைனஸ் 0.5ன்னு தேர்ந்தெடுத்துச்சு. நான் என்ன பண்ணேன், நானே எக்செல்ல 1 வகுத்தல் வர்க்கமூலம்னு மாத்திட்டு, லிமிட்டையும் மாத்தி, மேல் லிமிட்டை மேல் லிமிட் பெட்டியிலயே போட்டேன். 0.04க்கு 5 வருது, 0.01க்கு 10 வருது. பெருசு சின்னதா ஆயிடுச்சு! அப்ப மேல் லிமிட்தான கீழ் லிமிட். நல்ல பாகம் மொத்தமும் வெளிய விழுந்ததா காட்டுச்சு. லைனை அரை நாள் நிறுத்தி வச்சோம்.

பாக்ஸும் காக்ஸும் 1964ல கொடுத்த வடிவத்துல ஒண்ணைக் கழிச்சு லாம்டாவால வகுக்கறாங்க. மைனஸ்ல இருக்கிற லாம்டாவால வகுக்கும்போது வரிசை பழையபடி நேராயிடும். வெறும் அடுக்கு மட்டும் எடுத்தா தலைகீழ்தான். இதை எனக்குச் சொல்ல ஒரு ஆள் வர ஆறு வருஷம் ஆச்சு.

இன்னொண்ணு. கீழ் லிமிட் 0ன்னு கொடுக்காதீங்க. 0க்கு லாக் கிடையாது. ரன்-அவுட் 0க்குக் கீழ போக முடியாதுங்கறது இயற்கை, ஸ்பெக் இல்ல. மினிடேப் சாஃப்ட்வேர்ல லிமிட்டுக்குப் பக்கத்துல பவுண்டரின்னு டிக் பெட்டி வச்சிருக்கறதே அதுக்குத்தான்.

---

கருவேப்பிலை | புதன், காலை 10:05

மைக்ரோ லேப்லேர்ந்து ஒரு எச்சரிக்கை. நாங்க கிருமி எண்ணிக்கையை எப்பவும் பத்தடிமான லாக்லதான் பார்ப்போம். ஸ்பெக் 10 அடுக்கு 3ன்னு இருந்தா புதுசா வர்றவங்க லாக் லிமிட் 3ன்னு போட்டுடுவாங்க. ஆனா பார்மகோபியாவுல (மருந்துத் தர நூல்) 10 அடுக்கு 3ன்னு எழுதியிருந்தா ஏத்துக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை 2000. 10 அடுக்கு 2ன்னா 200. அப்ப லாக் லிமிட் 3.301.

0.301தானேன்னு தோணும். லாக்ல அது இரட்டிப்பு. டிரெண்ட் சார்ட்ல நான் 3 கோட்டை ஆக்‌ஷன் லிமிட்டாவும் 3.301ஐ ஸ்பெக்காவும் தனித்தனி நிறத்துல வச்சிருக்கேன்.

---

பழைய_பீக்கர் | புதன், மதியம் 1:30

சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தம்பி, உன் கேள்வி 0.18ஆ 0.31ஆ என்பது. அதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல். ஒரு பேட்ச் 0.12இல் தொடங்காமல் 0.24இல் தொடங்கினால், 24 மாதத்தில் எவ்வளவு ஏறும்? அதே அளவுதானா, இரண்டு மடங்கா?

நேர்கோடு சொல்வது: அதே அளவு. உன் டேட்டாவில் 24 மாதத்துக்கு ஏறக்குறைய 0.157. எங்கே தொடங்கினாலும் 0.157தான் ஏறும்.

லாக் சொல்வது: 24 மாதத்தில் 2.3 மடங்கு. 0.12 என்றால் 0.28. 0.24 என்றால் 0.56, ஸ்பெக் போச்சு. 0.31இல் தொடங்கினால் 0.72.

விசிறியை மடக்கத்தானே லாக் எடுத்தாய்? அதோடு சேர்த்து நீ அறியாமலேயே ஒரு வேதியியல் வாக்குமூலமும் கொடுத்துவிட்டாய்: "இந்த இம்ப்யூரிட்டி தன் அளவுக்கு ஏற்றபடி வளரும், வட்டிக்கு வட்டி போல." அப்படி வளரும் இம்ப்யூரிட்டி உண்டு, விளைபொருளே வினையை முடுக்கிவிடும் சங்கதி, ஆட்டோகேட்டலிசிஸ். ஆனால் உன்னுடையது அதுவா? ஈரத்தில் மருந்து பிளந்து உண்டாவது என்றால், வேகம் மருந்தின் அளவைப் பொறுத்தது. மருந்து 100இலிருந்து 99.8க்கு வந்திருக்கும், கிட்டத்தட்ட மாறவே இல்லை. அப்போது இம்ப்யூரிட்டி மாதாமாதம் ஒரே சீராகத்தான் கூடும். தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அஸ்ஸேக்கு (மாத்திரையில் உள்ள மருந்தின் அளவுக்கு) லாக் எடுப்பவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. முதல்படி வினைக்கு அது பொருந்தும். 100இலிருந்து 95 வரைதான் இறக்கம் என்பதால் லாக் கோடும் நேர்கோடும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், நட்டமும் இல்லை. இம்ப்யூரிட்டிக்கு எடுத்தால்தான் வில்லங்கம், ஏனென்றால் அது 0.12இலிருந்து 0.28க்கு மடங்காக ஏறுகிறது.

---

தூக்குச்சட்டி | புதன், மாலை 6:48

பீக்கர் சார், நன்றி. ஆமா, எஸ்டர் உடையறதுதான். பிரதான இம்ப்யூரிட்டி ஹைட்ராலிசிஸ் பொருள்.

ஆனா டேட்டாவே லாக்தான் சரின்னு சொல்லுச்சே சார்? விசிறி போச்சே.

---

மீதிப்பிழை | புதன், இரவு 9:03

விசிறி போனது உண்மை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். லாக் இரண்டு வேலையை ஒரே அடியில் செய்கிறது: சிதறலைச் சமன் செய்கிறது, கோட்டையும் வளைக்கிறது. முதல் வேலை தேவைப்பட்டது. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் தந்த எண்களை வைத்து இரண்டு கோட்டையும் போட்டுப் பார்த்தேன் (லாக் சாய்வு மாதம் 0.035, நேர்கோட்டுச் சாய்வு மாதம் 0.0066 என்று கிடைக்கிறது). தொடக்கத்தில் லாக் கோடு 0.120, நேர்கோடு 0.111. 12ஆம் மாதம் 0.183, 0.190. 24ஆம் மாதம் 0.278, 0.269. எங்குமே வித்தியாசம் 0.01ஐ எட்டவில்லை. உங்கள் முறையின் சிதறலோ அளவில் 8, 9 சதவீதம், அதாவது நடுவில் 0.016. மூன்று பேட்ச், இருபத்தொரு புள்ளி. இதை வைத்துக்கொண்டு வளைவா நேரா என்று எந்தச் சோதனையாலும் அடித்துச் சொல்ல முடியாது.

ஷெல்ஃப் லைஃபைப் பொறுத்தவரை இது பெரிய சிக்கல் இல்லை. 24 மாதத்துக்குள் இரண்டு கோடும் ஒன்றாகவே போகின்றன. ரிலீஸ் லிமிட்டில் ஏன் வெடிக்கிறது? அங்கே நாம் நீட்டுவது காலத்தை அல்ல, தொடக்க அளவை. 0.11 முதல் 0.13 வரை மட்டுமே பார்த்துவிட்டு 0.31இல் தொடங்கும் பேட்சைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம். அந்தத் திசையில் தரவு ஒரு அங்குலம்கூட இல்லை.

இப்போது கணக்கு. 1991இல் பார்மசூட்டிக்கல் ரிசர்ச் இதழில் ஆலன், டியூக்ஸ், ஜெர்ஜர் மூவரும் எழுதிய முறைதான் பெரும்பாலான இடங்களில் ஓடுகிறது. ஸ்பெக்கிலிருந்து எதிர்பார்க்கும் மாற்றத்தைக் கழி. பிறகு அந்த மாற்றத்தின் நிச்சயமின்மையையும் ரிலீஸ் அன்றைய அளவீட்டின் நிச்சயமின்மையையும் வர்க்கத்தில் கூட்டி, மூலம் எடுத்து, ஒருபக்க 95 சதவீத டி மதிப்பால் (புள்ளியியல் அட்டவணையில் கிடைக்கும் எண்) பெருக்கி, அதையும் கழி.

லாக்கில்: 0.50க்கு மைனஸ் 0.693. 24 மாத மாற்றம் 0.84. சாய்வின் திட்டப்பிழை 0.0025, 24ஆல் பெருக்கினால் 0.06. அளவீட்டுச் சிதறல் 0.08, இரண்டு அளவீட்டின் சராசரி என்று கொண்டால் வர்க்கம் 0.0032. இரண்டையும் கூட்டி மூலம் எடுத்தால் 0.0825. டி மதிப்பு 1.729. பெருக்கினால் 0.143. மொத்தம் மைனஸ் 1.676. திருப்பி மாற்றினால் 0.187. கீழ்நோக்கி முழுமையாக்கினால் உங்கள் 0.18.

இதையே திருப்பாமல் பாருங்கள்: 0.50ஐ 2.32ஆல் வகுத்து, பிறகு 1.15ஆல் வகுத்திருக்கிறோம். லாக்கில் கழித்தல் என்பது வெளியே வகுத்தல். ரிலீஸ் லிமிட் "ஸ்பெக்கிலிருந்து இவ்வளவு குறைவு" என்பதிலிருந்து "ஸ்பெக்கில் இத்தனையில் ஒரு பங்கு" என்று அர்த்தமே மாறிவிட்டது.

நேர்கோட்டில் 0.50 கழித்தல் 0.157 கழித்தல் 0.028, ஆக 0.315. உங்கள் 0.31. இரண்டு கணக்கிலும் கூட்டல் பிழை எதுவும் இல்லை. அது நல்ல செய்தியும் கெட்ட செய்தியும்.

---

நைட்_ஷிப்ட் | புதன், இரவு 11:35

எனக்கு இவ்வளவு தத்துவம் தேவையில்லை. 0.18 போடுங்க, வேலை முடிஞ்சது. பேட்ச் எல்லாம் 0.13க்கு மேல வர்றதே இல்ல. இறுக்கமா இருந்தா எந்த ஆடிட்டர் கேட்கப்போறார்?

---

பழைய_பீக்கர் | வியாழன், காலை 6:20

ஆடிட்டர் கேட்க மாட்டார். அடுத்த வருஷம் மூலப்பொருள் சப்ளையர் மாறி, முதல் பேட்ச் 0.19 வரும். அப்போது நீதான் ராத்திரி பத்து மணிக்கு ஓஓஎஸ் (எல்லை தாண்டிய முடிவு) விசாரணை எழுதிக்கொண்டிருப்பாய். நல்ல பேட்சை, 24 மாதத்தில் 0.35ஐத் தாண்டாத பேட்சை, தூக்கிப் போடச் சொல்வார்கள். "இந்த 0.18 எங்கிருந்து வந்தது" என்று அன்றைக்குக் கோப்பைத் திறந்தால் "விசிறி விரிந்தது, லாக் எடுத்தோம்" என்று மட்டும் இருக்கும்.

ஐரோப்பாவுக்குப் போகிற பொருளா, அமெரிக்காவுக்கா என்பதையும் பார். ரிலீஸுக்கு ஒன்று, ஷெல்ஃப் லைஃபுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்பெக்கையும் ஐரோப்பா தனியே எழுதி வாங்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ரிலீஸ் லிமிட் கம்பெனியின் உள் எல்லையாக இருக்கலாம் என்று ஐசிஎச் க்யூ6ஏவிலேயே இருக்கிறது. உள் எல்லையை நாளை தளர்த்தலாம். டோசியரில் (ஒப்புதலுக்குக் கொடுத்த ஆவணத்தில்) ஏறியதைத் தளர்த்துவது வேறு கதை, வேரியேஷன் (மாற்ற விண்ணப்பம்) போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும்.

---

நைட்_ஷிப்ட் | வியாழன், காலை 8:02

ராத்திரி பத்து மணி ஓஓஎஸ்ங்கறது எனக்கே சொன்ன மாதிரி இருக்கு. சரி, வாபஸ். ஆனா 0.31ம் எனக்கு வயித்தைக் கலக்குது.

---

மீதிப்பிழை | வியாழன், மதியம் 12:17

கலக்கத்தான் வேண்டும். அந்த 0.31இல் ஒரு ஓட்டை இருக்கிறது, நேற்று நானே கடந்து போய்விட்டேன். 0.028 என்ற கழிவில் அளவீட்டுச் சிதறலை 0.016 என்று வைத்தேன். அது நடு அளவின் சிதறல். ஆனால் சிதறல் அளவோடு கூடும் என்பதுதானே விசிறியே சொன்னது? 0.30 அளவில் ரிலீஸ் செய்கிற பேட்சுக்கு 8 சதவீதம் என்றால் 0.024.

கரோலும் ரூப்பர்ட்டும் 1984இல் சொன்ன வழி இதற்குப் பொருத்தம். இருபக்கமும் மாற்றுவது. கோட்டை நேர்கோடாகவே விடுங்கள்: தொடக்கம் கூட்டல் சாய்வு பெருக்கல் மாதம். பிறகு அளந்த மதிப்புக்கும் லாக், கோட்டின் மதிப்புக்கும் லாக். வேதியியல் நேராக இருக்கும், சிதறல் மட்டும் சமனாகும். நேரியலற்ற பின்னடைவு தெரிந்த எந்த நிரலும் செய்யும். முடியாதென்றால் எடையிட்ட பின்னடைவு, கிட்டத்தட்ட அதே விடை தரும்.

அப்படிப் போட்டால் கழிவு 0.028 அல்ல, 0.036. ரிலீஸ் லிமிட் 0.307. கீழ்நோக்கி 0.30. 0.01 வித்தியாசம்தான் என்றாலும் இப்போது விசிறிக்கும் பதில் இருக்கிறது, எஸ்டருக்கும் பதில் இருக்கிறது.

---

தூக்குச்சட்டி | வியாழன், இரவு 8:30

அக்கா, இது எனக்குப் புதுசு. நாளைக்குப் போட்டுப் பார்க்கறேன்.

ஒரு குட்டி சந்தேகம். மொத்தத்தை விட்டுட்டு ஒரு தனி இம்ப்யூரிட்டிக்கும் லாக் போட்டேன். முதல் ரெண்டு இடத்துல "கண்டறியப்படவில்லை"ன்னு இருந்துச்சு. 0 போட்டா சாஃப்ட்வேர் அந்த வரியையே விட்டுடுச்சு. அதனால 0.001னு போட்டேன். சரிதானே?

---

மீதிப்பிழை | வியாழன், இரவு 8:52

ஐயோ. இல்லை.

0.05க்கு லாக் மைனஸ் 3.0. 0.001க்கு மைனஸ் 6.9. மற்ற எல்லாப் புள்ளியும் மைனஸ் 3க்கும் மைனஸ் 2க்கும் நடுவில் உட்கார்ந்திருக்க, இந்த இரண்டு மட்டும் பாதாளத்தில் கிடந்து கோட்டின் ஒரு முனையைப் பிடித்துக் கீழே இழுக்கும். சாய்வு செங்குத்தாகிவிடும். 0.0001 போட்டிருந்தால் இன்னும் மோசம். நீங்கள் தட்டிய சுழியங்களின் எண்ணிக்கை ஷெல்ஃப் லைஃபைத் தீர்மானிக்கிறது! வரியை விட்டுவிடுவதும் சரியில்லை. குறைவான மதிப்புகளை மட்டும் பொறுக்கி எறிகிறோம்.

"0.05க்குக் கீழ் எங்கோ" என்பதை அப்படியே சொல்லும் வழி இருக்கிறது: இடப்பக்கம் மறைந்த தரவு. ஆயுள் தரவு ஆய்வு செய்யும் நிரல்களில் இதற்கு இடம் உண்டு. அல்லது குரோமட்டோகிராமில் உச்சி தெரிந்தால், ரிப்போர்ட்டிங் அளவுக்குக் கீழே இருந்தாலும் அந்த எண்ணையே வாங்கிக் கணக்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

---

பழைய_பீக்கர் | வியாழன், இரவு 9:10

அதோடு, எல்லா எண்ணையும் முழுமையாக்காமல் எடு. 0.12 என்று எழுதியிருப்பது 0.115ஆக இருக்கலாம், 0.124ஆகவும் இருக்கலாம். 0.12இல் 0.01 என்பது 8 சதவீதம். உன் முறையின் சிதறலே அவ்வளவுதான். சர்டிபிகேட்டிலிருந்து எடுத்துக் கணக்குப் போடுகிறவர்கள் லாக் படத்தில் படிக்கட்டு மாதிரி புள்ளி வந்தது என்று என்னிடம் கொண்டு வருவார்கள். படிக்கட்டு கட்டியது அவர்கள்தான்.

---

கருவேப்பிலை | வெள்ளி, காலை 9:44

குறுக்க ஒரு கேள்வி. லாக்ல சராசரி எடுத்துத் திருப்பினா வர்றது பெருக்கல் சராசரிதானே? எங்க ஆளு ஒருத்தர் அதை ரிப்போர்ட்ல "சராசரி"ன்னு எழுதிட்டார்.

---

மீதிப்பிழை | வெள்ளி, காலை 10:01

ஆமாம், பெருக்கல் சராசரி. லாக்கில் சமச்சீராக இருந்தால் அது இடைநிலை மதிப்பு. சாதாரண சராசரி அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். லிமிட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை: நூற்றுமானங்கள், நம்பிக்கை எல்லைகள் எல்லாம் அப்படியே திரும்பி வரும், வரிசை கலையாது. சராசரி மட்டும்தான் திரும்பும் வழியில் பெயர் மாறிவிடுகிறது.

---

தூக்குச்சட்டி | சனி, மாலை 4:15

ஆச்சு. மூணு நாளா இதே வேலை.

பொய்த் தரவுச் சோதனை போட்டேன். 47ன்னு வந்துச்சு. அதனால எங்க சாஃப்ட்வேர்ல, நாங்க போற வழியில, லிமிட்டை இயல் மடக்கையிலதான் கொடுக்கணும். பிரிண்ட் எடுத்து சேம்பர் ரெஜிஸ்டர் பக்கத்துல ஒட்டிட்டேன்.

இருபக்க லாக்கும் போட்டேன். அக்கா சொன்ன மாதிரி 0.30.

பீக்கர் சார் கேட்ட கேள்வி மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு: 0.24ல தொடங்கினா என்ன ஆகும்? ஆர்டி (ஆராய்ச்சிப் பிரிவு) ஆளுங்ககிட்ட போய், இதே ஃபார்முலாவுல ஆரம்பமே அதிகமா இருந்த பேட்ச் எதாவது உண்டான்னு கேட்டேன். முதல்ல "இல்ல"ன்னாங்க. அப்புறம் ஒரு அக்கா, டிரையிங் சரியா முடியாத ஒரு டெவலப்மென்ட் பேட்ச் இருந்துச்சு, தூக்கிப் போட மனசில்லாம அதே சேம்பர்ல ஒரு மூலையில வச்சோம்னாங்க. தொடக்கம் 0.21. 18ஆம் மாசம் 0.33.

நேர்கோட்டுப்படி 0.21 கூட்டல் 0.118, அதாவது 0.328 வரணும். லாக்படி 0.21 பெருக்கல் 1.88, 0.394 வரணும். வந்தது 0.33! லேப்லயே கத்திட்டேன்.

---

பழைய_பீக்கர் | சனி, மாலை 5:02

ஒரு பேட்ச், ஒரு புள்ளி. கத்தியது போதும். 3, 6, 9, 12 மாத எண்கள் இருந்தால் அவற்றையும் வாங்கு.

ஆனால் சந்தோஷம்தான். டிரையிங் முடியாத பேட்ச் என்கிறாயே, அப்போது ஈரம் அதிகம். ஈரம் அதிகமாயிருந்தும் வேகமாக ஏறவில்லை என்றால் ஒன்று அதன் ஈரம் சேம்பரில் சமனாகிவிட்டது, இல்லை பேக் ஈரத்தை உள்ளே விடவில்லை. கார்ல் ஃபிஷர் மதிப்பை (ஈரத்தின் அளவை) தேடு. தொடக்க இம்ப்யூரிட்டியும் வேகமும் சேர்ந்தே ஏறுகிற பேட்ச்கள் வரும், ஒரே காரணத்தால். அப்போது லாக் தற்செயலாகச் சரியான விடை தரும், தவறான காரணத்துக்காக.

---

நைட்_ஷிப்ட் | சனி, மாலை 5:30

கடைசியா என்ன எண் எழுதின?

---

தூக்குச்சட்டி | சனி, மாலை 6:11

0.25. உள் எல்லையா மட்டும், டோசியர்ல இல்ல. கணக்கு 0.30 கொடுக்குது, ஆனா 0.21க்கு மேல தொடங்கின பேட்சை நாங்க யாருமே பார்த்ததில்ல. லாக் கணக்கையும் பக்கத்துலயே வச்சு, ஏன் எடுக்கலன்னு ரெண்டு பாரா எழுதியிருக்கேன். ஐசிஎச் க்யூ1ஏவுலயே, சிதைவு எப்படிப் போகுதோ அதை வச்சுத்தான் டிரான்ஸ்ஃபார்ம் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்னு இருக்கு. அதை முதல் வரியா போட்டேன். மேனேஜர் படிச்சுட்டு "அப்ப நான் சொன்ன லாக் தப்பா?"ன்னார். விசிறிக்கு சரி சார், கோட்டுக்கு சரியில்லைன்னேன். ஒண்ணும் சொல்லல, கையெழுத்துப் போட்டார்.

கார்ல் ஃபிஷர் மதிப்பு இன்னும் கிடைக்கல. அந்த பேட்ச் நோட்புக் பழைய கட்டடத்து அலமாரியில இருக்காம், சாவி வச்சிருக்கறவர் திங்கக்கிழமைதான் வருவாராம். வந்ததும் இங்கயே போடறேன் சார்.